மூன்றரைக்கு ஐந்து

ஜூலை 20, 2025, ஞாயிறு

இன்று அறையை அளந்தோம். அகலம் மூன்றரை அடி, நீளம் ஐந்தடி, உயரம் ஒன்பதடி. ஜன்னல் கிடையாது. மந்தைவெளியில் 1994-இல் இந்த ஃப்ளாட்டைக் கட்டியபோது பிளானில் 'ஸ்டோர்' என்று எழுதியிருந்த இடம் இது. முப்பது வருஷமாக கொலு பொம்மைப் பெட்டிகளும் ஊறுகாய் ஜாடிகளும் அரிசி டிரம்மும் இங்கேதான் குடியிருந்தன. அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயது. ஹாலிலிருந்து படுக்கையறையைத் தாண்டி பாத்ரூம் போவது அவருக்கு ஒரு பெரிய யாத்திரை ஆகிவிட்டது. அதனால் ஹாலை ஒட்டிய ஸ்டோரை டாய்லெட்டாக்கிவிட்டோம். கம்மோடும் வாஷ்பேசினும் வைத்தாயிற்று. தரையிலிருந்து நாலடிக்கு வெள்ளை டைல்ஸ், அதற்கு மேல் வெறும் சுவர்.

இன்ஜினியர் படத்தில் 'பவுடர் ரூம்' என்று பெயர் போட்டிருக்கிறார். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "பவுடர் போட்டுக்கவா இவ்வளவு செலவு?" என்றார்.

மேல் சுவருக்கு வால்பேப்பர் ஒட்டலாம் என்று நான் சொன்னதும் ஒரு நிமிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "கக்கூஸுக்குப் பூப்போட்ட சுவரா?" என்ற அத்தையின் குரல்தான் தனியாகக் கேட்டது.

ஜூலை 22, செவ்வாய்

சின்ன அறை என்றால் வெள்ளைதான், அப்போதுதான் பெரிதாகத் தெரியும் என்கிறார் இவர். தாம்பரத்து அக்காவும் அதையே சொல்கிறாள். காஸ் சிலிண்டர் போட வந்தவரும் எட்டிப் பார்த்து, "வெள்ளையே அடிச்சிடுங்கம்மா" என்றுவிட்டுப் போனார்.

வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுப்பதுதான் வெள்ளைச் சுவரின் வேலை. இங்கே வாங்குவதற்கே வெளிச்சம் இல்லை. ஒற்றை பல்பின் கீழ் மூலைகளெல்லாம் சாம்பல் பூத்த மாதிரிதான் நிற்கும். அதோடு மூன்றரையடி அறையை என்ன செய்தாலும் நாலடியாகத் தெரியப்போவதில்லை. யாரும் இங்கே உட்கார்ந்து காபி குடிக்கப்போவதும் இல்லை. ஐந்து நிமிட அறை. ஹாலில் வைத்தால் ஒரே வாரத்தில் கண்ணைக் குத்தும் டிசைனை இங்கே தைரியமாக வைக்கலாம் என்பது என் கட்சி. கட்சியில் இப்போதைக்கு நான் ஒருத்திதான்.

ஜூலை 26, சனி

தேவராஜ முதலி தெருவுக்குப் போனோம். கண்ணாடி, பிளைவுட், ஃபிரேம் என்று சுவரில் மாட்டுகிற எல்லாவற்றுக்கும் பாரிமுனைப் பக்கம் அந்தத் தெருதான். ஆட்டோ உள்ளே நுழையாது என்று வாசலிலேயே இறக்கிவிட்டார். கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். வால்பேப்பர் கடையிலும் ஆடித் தள்ளுபடி!

கேட்டலாக் ஒவ்வொன்றும் ஒரு அம்மிக்கல் கனம். பதினோரு புத்தகம் புரட்டினோம். பாதிக்கு மேல் பொய்: பொய் செங்கல், பொய் மரம், பொய் மார்பிள். பொய் செங்கலுக்குக் காசு கொடுப்பதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியாது. நிஜச் செங்கல் பூச்சுக்குப் பின்னால் சும்மாதானே இருக்கிறது.

கடைப் பையன் விஷயம் தெரிந்தவன். வெறும் காகிதத்தை டாய்லெட்டில் நினைத்தே பார்க்க வேண்டாம் என்றான். மேலே வினைல், அடியில் நான்-வோவன், அதாவது நெய்யாத இழைத் தாள், இருக்கிற வகையைக் காட்டினான். ஈரத் துணியால் துடைக்கலாம். பசையை அந்தத் தாளில் தடவாமல் சுவரிலேயே தடவி ஒட்டலாம். ஊறி நீளாது, காய்ந்து சுருங்காது. ரோல் 21 அங்குல அகலம், 10 மீட்டர் நீளம், 57 சதுர அடி.

மூன்று சாம்பிள் வாங்கி வந்தேன். ஒன்று இவருக்காக: வெள்ளையில் மெல்லிய சாம்பல் கோடுகள். இரண்டாவது பச்சை வாழையிலை. மூன்றாவது கருநீலத்தில் செம்பூக்கள். ஒரு கொடி வளைந்து வளைந்து மேலே ஏற, அதில் இந்த உலகத்துச் செடி எதிலும் பூக்காத பெரிய பெரிய பூக்கள்.

ஜூலை 29, செவ்வாய்

சாம்பிள்களை உள்ளே செல்லோ டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறேன். கடையில் பார்த்த நிறம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. கடையில் குளிர்ந்த வெள்ளை வெளிச்சம், 6500 கெல்வின். நம் வீட்டு ட்யூப்லைட்டுகளும் அதே ஜாதிதான். அந்த பல்பை உள்ளே போட்டதும் வாழையிலை பிளாஸ்டிக் ஆனது, கோடு போட்டது எக்ஸ்ரே எடுக்கிற அறை ஆனது. 3000 கெல்வின் மஞ்சள் பல்பை மாட்டினேன். நீலம் ஆழமாக இறங்கியது, சிவப்பு எழுந்து நின்றது.

மற்ற அறைகளில் சாம்பிளைக் காலையில் ஒரு முறை, மத்தியானம் ஒரு முறை, விளக்கு வைத்த பிறகு ஒரு முறை பார்க்க வேண்டும் என்பார்கள். இங்கே அந்தத் தொல்லை இல்லை. இந்த அறைக்கு இருபத்துநாலு மணி நேரமும் ராத்திரிதான். ஆக, பல்பை முதலில் முடிவு செய்துவிட்டு அதன் கீழே தாளைப் பார்க்க வேண்டும். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன்.

அத்தை வாக்கரோடு வந்து வாசலில் நின்றார். நீலத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இது சீட்டித் துணி மாதிரின்னா இருக்கு. சின்ன வயசுல எனக்கு இதே மாதிரி ஒரு சீட்டிப் பாவாடை இருந்தது" என்றார். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "கக்கூஸ்ல ஒட்டிட்டு என்னைக் கேக்கறியே" என்று போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, சனி

பின்சுவரின் இடது மூலையில் பெயிண்ட் லேசாக உப்பியிருந்தது. சுண்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. ஓதம்.

மேஸ்திரி ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். கைக்குட்டை அளவு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரோடு ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வியாழன் இரவு ஒட்டியதை இன்று இரவு பார்த்தேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர்.

அந்தச் சுவருக்கு மறுபுறம் எங்கள் பாத்ரூமின் ஷவர். டைல்ஸ் இடுக்கில் கிரவுட் போய் எத்தனை வருஷமோ. முப்பது வருஷம் ஊறுகாய் ஜாடிகள் அந்த மூலையை மறைத்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. சரி, வால்பேப்பர் பேச்சு இப்போதைக்கு நிற்கட்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஷவர் பக்கம் பழைய கிரவுட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு எபாக்சி போட்டாயிற்று. மூலையில் பூச்சைக் கொத்திவிட்டு ஆற விட்டிருக்கிறோம். குளிக்கப் பக்கத்து ஃப்ளாட்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுவர் காய்கிறது. எனக்கு வேலையில்லை, அதனால் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓதச் சுவரில் வால்பேப்பர் ஒட்டினால் தாள் உரிவதோடு முடியாது. வினைல் மூச்சு விடாது. சுவரிலிருந்து வரும் ஈரம் பின்னால் சிக்கிக்கொள்ளும். மாவுப் பசை என்றால் பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு. ஐரோப்பாவில் 19-ஆம் நூற்றாண்டில் இது விஷமாகவே ஆகியிருக்கிறது. 1775-இல் ஷீலே என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த பச்சை நிறத்தில் ஆர்செனிக் இருந்தது. அதையும் அதன் பங்காளிப் பச்சைகளையும் வீட்டுச் சுவர்த் தாள்களில் தாராளமாக அச்சடித்தார்கள். ஈரம் ஏறிய சுவரில் வளரும் பூஞ்சை அந்த ஆர்செனிக்கைப் பூண்டு வாடை அடிக்கும் ஒரு வாயுவாக மாற்றிவிடும் என்று 1890-களில் இத்தாலியர் கோசியோ காட்டினார். செயின்ட் ஹெலினா தீவில் நெப்போலியன் இருந்த வீட்டின் சுவர்த் தாளிலும் ஆர்செனிக் இருந்தது. அவர் சாவுக்கு அதுதான் காரணம் என்று கதை கட்டிவிட்டார்கள். அதற்கு நான் உடன்படவில்லை, ஆனால் வாழையிலைப் பச்சையைத் தள்ளிவைக்க எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது.

பவுடர் ரூம் என்ற பெயரையும் விசாரித்தேன். 18-ஆம் நூற்றாண்டில் துரைமார்கள் டோப்பாவுக்கு மாவு தூவிக்கொள்ள ஒரு சின்ன அறை வைத்திருந்தார்கள். 1795-இல் இங்கிலாந்துப் பிரதமர் வில்லியம் பிட் அந்தப் பவுடருக்கே வருஷத்துக்கு ஒரு கினி வரி போட்டதும் வழக்கம் தேய்ந்தது. இந்தப் பிட்டின் கொள்ளுத் தாத்தா தாமஸ் பிட், நம் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்தவர். எங்கே சுற்றினாலும் சென்னையில் வந்து இடிக்கிறது.

அத்தையிடம் சொன்னேன். "அப்ப நான் கேட்டது சரிதானே" என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சென்னை தினம். 1639-இல் இதே தேதியில்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல் திட்டு கிடைத்தது என்று கொண்டாடுகிறார்கள். பேப்பரில் வழக்கம்போல் பழைய போட்டோக்கள். அவர்கள் இங்கே வந்து உட்கார்ந்தது துணிக்காக என்பது தெரிந்ததுதான். ஆனால் அத்தையின் 'சீட்டி' என் மண்டையில் உட்கார்ந்திருந்ததால் இந்த முறை கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

சோழமண்டலக் கரையில் கையால் வரைந்தும் சாயம் தோய்த்தும் செய்த பருத்தித் துணிதான் சீட்டி. இங்கிலீஷில் சின்ட்ஸ். சிவப்புக்குச் சாயவேர், நீலத்துக்கு அவுரி. பருத்தியில் துவைக்கத் துவைக்கப் போகாத சிவப்பு அவர்கள் ஊரில் அப்போது கிடையாது. உடுத்தினார்கள், கட்டிலுக்கு விரித்தார்கள், சுவரிலும் தொங்கவிட்டார்கள். அங்கத்திய நெசவாளர்கள் கொந்தளித்ததில் இங்கிலாந்து 1700-இல் இறக்குமதிக்குத் தடை போட்டது. 1721-இல் உடுத்தவும் வீட்டில் விரிக்கவுமே தடை. இந்தப் பக்கம் 1734-இல், ஜார்ஜ் மார்ட்டன் பிட் கவர்னராக இருந்தபோது, நெசவாளர்களையும் சாயக்காரர்களையும் குடியேற்ற ஒரு பேட்டை உண்டாக்கினார்கள். சின்னத் தறிப் பேட்டை. நேற்றுகூட எக்ஸாஸ்ட் ஃபேனுக்குக் குழாய் வாங்க நான் போன சிந்தாதிரிப்பேட்டை.

துணி கைக்கு எட்டாதபோது காகிதம். ஐரோப்பாவின் வால்பேப்பர்க்காரர்கள் நம் சீட்டியின் கொடியையும் பூவையும் அப்படியே பார்த்து அச்சடித்தார்கள். அந்தக் கொடி இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கேட்டலாக்கை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் கருநீலத் தாளின் பின்னால் 'யூரோப்பியன் ஃப்ளோரல்' என்று இருக்கிறது. சிரிப்பதா, கடைக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பதா?

இவரிடம் சொன்னேன். "சரி, அதையே ஒட்டு. ஆனா மூணாவது தடவையா இதே கதையைச் சொல்லாதே" என்றார். கட்சியில் இரண்டு பேர்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பாலிதீன் சோதனை மறுபடி. இரண்டு பக்கமும் காய்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

எத்தனை ரோல் என்பதில் பெரிய வழக்கு. சுற்றளவு 17 அடி, ஒட்ட வேண்டிய உயரம் 5 அடி. 85 சதுர அடியில் கதவு ஏழரை அடியைக் கழித்தால் எழுபத்தேழரை. இரண்டு ரோல் 114 சதுர அடி ஆயிற்றே, எக்கச்சக்கம் மிஞ்சும் என்று நினைத்தேன்.

பூ வந்து கெடுத்தது. இந்த டிசைன் 25 அங்குலத்துக்கு ஒரு முறைதான் திரும்ப வருகிறது. பக்கத்துப் பக்கத்துத் துண்டில் பூ பொருந்த வேண்டுமானால், 64 அங்குலம் போதுமான இடத்தில் 75 அங்குலமாக வெட்ட வேண்டும். ஒரு ரோலில் ஐந்து துண்டுதான் வரும். சுற்றிவர வேண்டியது பத்துத் துண்டு. இரண்டு ரோல், துளிகூட மிச்சமில்லை. ஒட்டுகிற தம்பி போனிலேயே, "மூணு வாங்கிடுங்கம்மா. மூலை ஒண்ணாவது கோணலா இருக்கும்" என்றான். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்றால் பேட்ச் எண் மாறிவிடும். அதே டிசைனாக இருந்தாலும் நீலம் ஒரு சாயல் தள்ளி நிற்கும்.

ரோல் 2,400 ரூபாய். மூன்று வாங்கினேன். ஆடி முடிந்துவிட்டது, தள்ளுபடியும் போயிற்று.

செப்டம்பர் 13, சனி

பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து ஒரு வாரம் ஆயிற்று. இன்று ஒட்டினார்கள். கூரைக்கு ஒரு சாண் கீழே ஆறு அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன், குழாய் டக்ட்டுக்குள் போகிறது. குளியல் இல்லாத அறை, நீராவி இல்லை. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் சென்னைக் காற்றே பாதி தண்ணீர்தானே. லைட்டைப் போட்டால் ஃபேனும் ஓடும்படி வயரிங் செய்யச் சொன்னேன்.

தம்பி முதலில் தூக்குக் குண்டு தொங்கவிட்டுப் பென்சிலில் கோடு கிழித்தான். மூலையை நம்பி ஆரம்பிக்கக் கூடாதாம். அவன் சொன்னது போலவே ஒரு மூலை முக்கால் அங்குலம் கோணல். ஆரம்பமும் முடிவும் சந்திக்கும் இடத்தில் பூ ஒருபோதும் பொருந்தாது, அதனால் அந்தச் சந்திப்பைக் கதவுக்கு மேலே வைத்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து பார்த்தால் நேர் எதிரே அதுதானே என்று கேட்டேன். "யாரும்மா நிமிர்ந்து பாக்கப்போறாங்க?" என்றான். எட்டாவது துண்டு கிழிந்து மூன்றாவது ரோலைப் பிரித்தோம். இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது.

நான் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தேன். அரைப் பூவும் அரை இலையும் சேர்ந்து ஒரு புதுச் செடி.

செப்டம்பர் 24, புதன்

கொலுவுக்கு இன்று பதினான்கு பேர் வந்தார்கள். கொண்டைக்கடலைச் சுண்டல். பாதிப் பேர் உள்ளே போய்வந்தார்கள். மூன்றாவது மாடி மாமி லைட்டைப் போட்டதும், "அடேயப்பா, குகை மாதிரி இருக்கே" என்றார். பாராட்டா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே வர நேரமானதால் பாராட்டு என்று கணக்கு வைத்துக்கொண்டேன். அக்கா மட்டும் இன்னும் வெள்ளைதான் என்கிறாள்.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம், "அது சீட்டி டிசைன், நம்ம ஊர்லேர்ந்து போனது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டு, மிச்சத் தாளைக் கொலுப் படிக்குப் பின்னால் திரையாகக் கட்டினால் என்ன என்றார். கக்கூஸில் ஒட்டிய தாள் ஆயிற்றே அத்தை என்றேன். "பிரிக்காத பக்கம்தானே?" என்றார்.

நாலு துண்டு மிச்சம். கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் எந்த மூலை எழும்பும் என்று யார் கண்டது. அடுத்த வருஷம் பார்ப்போம் என்று சொல்லி, சுருட்டி, மேலே பேட்ச் எண்ணை மார்க்கரில் எழுதி, மரப்பாச்சிப் பெட்டிக்குப் பின்னால் லாஃப்டில் தள்ளிவிட்டேன்.