0.29-இல் தொலைந்த ஒரு சதோஷி

காரைக்குடியில் எழுதிவரும் பிட்காயின் வாலட் (பணப்பை) நிரலின் ஐந்தொகை இன்று நேர்பட்டுவிட்டது! இத்தனை நாளும் ஒரு சதோஷி (ஒரு பிட்காயினில் 10 கோடியில் ஒரு பங்கு) உதைத்துக்கொண்டே இருந்தது.

கூட்டல் கழித்தலில் தப்பில்லை. தப்பு, தொகை உள்ளே நுழையும் வாசலில். "0.29" என்று தட்டியதை எண்ணாக்கி 10 கோடியால் பெருக்கினால் ஜாவாஸ்கிரிப்ட் தருவது 28999999.999999996. பின்னத்தைத் தள்ளிவிடும் மேத்.ஃப்ளோர் அதை 28999999 ஆக வெட்டிவிடுகிறது. 0.29 இரும எண்ணில் முழுசாக அடங்காது. அந்தக் குறைதான் இது.

அருகிலுள்ள முழு எண்ணாக்கும் ரவுண்ட் போட்டால் பிட்காயினில் தப்பிக்கலாம். 2.1 கோடி காயினும் சேர்ந்தாலே 21-க்குப் பின் 14 சுழி சதோஷிதான்; 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டாது. ஈதர் என்ற இன்னொரு கிரிப்டோ நாணயத்தில் அது செல்லாது. 1.1 ஈதரை வெய் (ஈதரின் மிகச் சிறிய அலகு; ஒரு ஈதருக்கு 1-க்குப் பின் 18 சுழி வெய்) ஆக்கிப் பிக்இன்ட்டில் (எவ்வளவு பெரிய முழு எண்ணையும் தாங்கும் எண் வகை) போட்டுப் பாருங்கள்: 1100000000000000128. இல்லாத 128 வெய் முளைத்திருக்கும். ஒரு கணினிக்கு ஒரு விடை, இன்னொன்றுக்கு வேறு விடை என்றால் பிளாக்செயினே (எல்லாக் கணினிகளும் பகிரும் பொதுப் பேரேடு) பிளந்துவிடும். அதனால்தான் உள்ளே எல்லாமே முழு எண்.

சரிவந்த வழி: எழுத்தை எண்ணாக்கவே கூடாது. புள்ளியில் பிரித்து, பின்னத்தின் வலப்பக்கம் 8 இடம் வரும்வரை சுழி நிரப்பி, இரண்டையும் எழுத்தாகவே ஒட்டி, அப்புறம் பிக்இன்ட். 9-ஆவது இடம் இருந்தால் வெட்டாமல் பிழை காட்டுங்கள். புள்ளிக்கு இடப்பக்கத்தைத் தனியாகப் பெருக்கிக் கூட்டினால் "-0.5"-இன் கழித்தல் குறி காணாமல் போகும். நடுவில் ஒருமுறை எண்ணாகிவிட்டால் 0.0000001 "1e-7" ஆகித் திரும்பும், பிரிக்கப் புள்ளியே இருக்காது. தரவை அனுப்பும் ஜேசன் வடிவில் பிக்இன்ட் நேராகப் போகாது, மேற்கோள் குறிக்குள் எழுத்தாக அனுப்ப வேண்டும். கமிஷன் 0.25 சதவீதமா? முதலில் 25-ஆல் பெருக்கி, பிறகு 10000-ஆல் வகுக்க வேண்டும்.

பங்கு பிரிப்பு இன்னும் பாக்கி. 1 காயினை 3 புள்ளிக்குப் (பங்கு பெறும் குடும்பத்துக்கு) பிரித்தால் தலா 33333333, மிச்சம் 1 சதோஷி. அதைக் கடைசிப் புள்ளிக்குச் சேர்ப்பதா, பொதுவில் வைப்பதா என்று நிரலில் எழுதியே ஆக வேண்டும்; விட்டால் ஐந்தொகை மறுபடி உதைக்கும்.

ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. பழைய வட்டிக்கடைப் பேரேடும் முழு எண் கணக்குதான். இதே நிரலில் 10 கோடிக்குப் பதில் 192 போட்டு ஓட்டிப் பார்க்க ஆசை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு பேரேடு கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும். செல்லரித்திருந்தாலும் சரி, கூட்டுத்தொகை உள்ள பக்கம் ஒன்று போதும்.