குரோமியம் என்றவர்களும் உப்பு என்றவரும்

செய்தியாளர்களையும் துறை வல்லுநர்களையும் இணையத்தின் வழியே சேர்த்து வைக்கும் சேவை அமெரிக்காவில் 1992-லேயே புரொஃப்நெட் என்ற பெயரில் வந்துவிட்டது. ஆனாலும் அதைப் பரவலாக்கியது 2008-ல் பீட்டர் ஷாங்க்மன் தொடங்கிய ஹாரோதான். செய்தியாளர் தமக்கு வேண்டிய தகவலையும் கெடுவையும் எழுதி அனுப்பினால், அது மின்னஞ்சலாகச் சந்தாதாரர்களுக்குப் போகும்; விவரம் அறிந்தவர்கள் பதில் எழுதுவார்கள்.

வேலூரில் இருந்துகொண்டு ஆங்கில இதழ்களுக்குச் சுற்றுச்சூழல் கட்டுரைகள் எழுதும் எனக்கு இது பெரிய வசதியாகவே தோன்றியது. அதுவரை என்னிடம் இருந்தது ஒரு தொலைபேசி டைரி மட்டுமே. அதில் இருந்த அரசுக் கல்லூரிப் பேராசிரியர்கள் அரைமணி நேரம் பொறுமையாக விளக்கிவிட்டு, கடைசியில் "பேர் மட்டும் போடாதீங்க சார், பர்மிஷன் வாங்கணும்" என்பார்கள். ஆசிரியர் குழுவோ பெயரில்லாத வல்லுநரை ஏற்காது.

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளைப் பற்றிய கட்டுரைக்காக, நிலத்தடி நீர் ஏன் கெட்டது என்று அத்தகைய சேவை ஒன்றில் கேட்டிருந்தேன். மாலைக்குள் பதில்கள் குவிந்தன. நடை சுத்தமாக இருந்தது, மேற்கோளாக அப்படியே எடுத்துப் போடலாம். ஆனால் ஏறக்குறைய எல்லாமே குரோமியம் என்ற ஒரே விஷயத்தைச் சொல்லின. பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம் என்பதையும், அதைவிடப் பன்மடங்கு நச்சுள்ளது அறுவிணைதிறன் குரோமியம் என்பதையும் அவற்றில் பல பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. எழுதியவர்களில் கணிசமானோர், தங்கள் இணையதளத்துக்கு ஓர் இணைப்பு கிடைத்தால் கூகுள் தேடலில் மேலே வரலாம் என்பதற்காகவே எழுதுகிறவர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு அந்த வேலைக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படுவதில்லை.

ஒரே ஒருவர் மட்டும் உப்பைப் பற்றி எழுதியிருந்தார். பச்சைத்தோல் அழுகாமல் இருக்கத் தடவும் சாதாரண உப்பு, தோலை ஊறவைக்கும்போது கழிவுநீரில் கரைந்துவிடுகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் குரோமியத்தைப் படியவைத்துப் பிரித்துவிட முடிந்தாலும், கரைந்த உப்பை எதிர்ச்சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) போன்ற முறை இல்லாமல் நீக்க முடியாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் கிணறு உப்புக்கரித்துப் போன கதையைத்தான் முதலில் சொல்வார். தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராகத் தொடரப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996-ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் ஓயாத புகார் அது. அந்தப் பதிலை எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்தேன். நான் கேட்பதற்கு முன்பே, எந்த மாதத்தில் எடுத்த நீர் மாதிரி என்று என்னையே திருப்பிக் கேட்டார். பருவமழைக்கு முன்னும் பின்னும் அளவுகள் மாறும் என்பது நீரைச் சோதித்துப் பழகியவருக்குத்தான் சட்டென்று நினைவுக்கு வரும்.

கனெக்டிவ்லி என்று பெயர் மாற்றப்பட்டிருந்த ஹாரோ 2024 டிசம்பரில் மூடப்பட்டு, மறு ஆண்டு வேறொரு நிறுவனத்தின் கையில் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. இதுபோன்ற சேவைகளை நான் கைவிடவில்லை. "ஏன் கெட்டது" என்று பொதுவாகக் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன். எந்த ஊர்க் கிணறு, எந்தப் பருவம், எதை அளந்தீர்கள் என்று கேட்கிறேன். பதில்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன; வருகிற சிலரை மாலைக்குள் தொலைபேசியில் அழைத்துப் பேசிவிட முடிகிறது.