பை, இன், ஆன், டு: மாலை ஆங்கில வகுப்பு நாட்குறிப்பு

ஜூன் 9, 2025, திங்கள்

இந்த வாரம் முழுக்கப் போக்குவரத்துதான் பாடம். வகுப்புக்கு எப்படி வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் கேட்டேன். 'பை பஸ்', 'பை பைக்' எல்லாம் சரி. நடந்து வந்தவர்கள் அத்தனை பேரும் 'பை வாக்'! நம் ஊரில் இதை ஒழிக்கவே முடியாது போல. 'ஆன் ஃபுட்' என்று பலகையில் பெரிதாக எழுதினேன். அப்புறம், 'பை' போட்டால் வண்டிப் பெயர் மொட்டையாக நிற்க வேண்டும். 'பை மை கார்' கூடாது. 'இன் மை கார்'.

ஜூன் 10, செவ்வாய்

மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர் மடக்கினார். "ஏன் சார், காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன்? ரெண்டுலயும் உள்ளேதானே உட்கார்றோம்?"

உள்ளே எழுந்து நடமாட முடிந்தால் 'ஆன்': பஸ், ரயில், விமானம், கப்பல். குனிந்து ஏறி உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான் என்றால் 'இன்': கார், டாக்ஸி, ஆட்டோ. காலைத் தூக்கிப் போட்டு ஏறும் சைக்கிள், பைக், குதிரைக்கு மறுபடி 'ஆன்'.

"படிக்கட்டுல தொங்கிட்டு வந்தா?"

அதுவும் ஆன்தான்.

ஜூன் 13, வெள்ளி

இன்றைக்கு 'ஐ ரீச்ட் டு மதுரை', 'ஐ வென்ட் டு ஹோம்' இரண்டும் வந்தன. 'க்கு' என்று மனதில் ஓடியதுமே வாயில் 'டு' விழுந்துவிடுகிறது. தமிழில் யோசிக்காதே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்னும் கொஞ்சம் தமிழில் யோசித்தால் போதும். 'மதுரையை அடைந்தோம்' என்கிறோம், அங்கே 'க்கு' இல்லை. 'ரீச்'சும் அந்த ஜாதிதான். 'வீடு திரும்பினேன்', 'அங்கே போ', 'மேலே போ' இவற்றிலும் இல்லை. 'ஹோம்', 'தேர்', 'அப்ஸ்டேர்ஸ்' முன்னால் 'டு' வராததும் அப்படித்தான். பழைய ஆங்கிலத்தில் 'ஹோம்' இரண்டாம் வேற்றுமையில் நின்றே 'வீட்டை நோக்கி' என்ற பொருளைத் தந்தது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆங்கிலம் தாராளமாக இருக்கும் இடமும் உண்டு. நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம், டாக்டரிடம் போவோம். உயிருள்ளவருக்குத் தனி உருபு. அவர்களுக்கு இரண்டுக்கும் ஒரே 'டு'.

'அரைவ்' மட்டும் எதற்கும் மசியாது. ஊர், நாடு என்றால் 'இன்'. ஸ்டேஷன், ஆபீஸ் என்றால் 'அட்'. 'டு' எப்போதும் இல்லை. மனப்பாடம்தான்.

ஜூன் 17, செவ்வாய்

கணவர் துபாயில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, 'மை ஹஸ்பண்ட் ஹாஸ் பீன் டு துபாய்' என்றார். அப்படிச் சொன்னால் போய்விட்டுத் திரும்பிவிட்டார் என்று ஆகிவிடும். இன்னும் அங்கேயே இருந்தால் 'ஹாஸ் கான் டு' என்றேன். தமிழில் 'துபாய் போயிருக்கிறார்' இரண்டுக்கும் பொருந்துவதால் வரும் குழப்பம் இது.

அவர் முகம் சுருங்கியது. "'கான்'னு சொன்னா என்னமோ ஆள் போய்ச் சேர்ந்துட்ட மாதிரி இருக்கு சார்."

சரி, 'ஹி இஸ் இன் துபாய்' என்றே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டேன்.