எந்த ஆர்எம்?

வேலை சென்னைக் கம்பெனிக்கு, உட்கார்ந்திருப்பது காரைக்குடியில், எங்கள் வீட்டு வளவில் ஒரு தூண் ஓரமாக. ஆத்தங்குடிக் கல் தரை, ஏசியே வேண்டாம்.

போன வாரம் சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டது, பார்த்தால் ஒரே ஃபோல்டரில் பழைய லாக் ஃபைல்கள் நூற்றுக்கணக்கில். எஸ்எஸ்எச் வழியாக இங்கிருந்தே சர்வருக்குள் போய் ஆர்எம் (அழி என்கிற கட்டளை), ஒரு இடைவெளி, ஸ்டார், டாட், லாக் என்று அடித்தால், டாட் லாக் என்று முடிகிற ஃபைல் எல்லாம் காலி, வேலை முடிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து அப்பத்தா "பணியாரம் ஆறுதுடா" என்று குரல் கொடுக்க, என் கட்டைவிரல் ஸ்டாருக்கும் டாட்டுக்கும் நடுவிலும் ஒரு தட்டு தட்டிவிட்டது.

அந்த இடைவெளிக்கு அர்த்தம், இங்கே இருக்கிற எல்லாவற்றையும் அழி, அப்புறம் டாட் லாக் என்று ஒன்று இருந்தால் அதையும் அழி. அழித்துவிட்டு, டாட் லாக் என்று எதுவும் இல்லையே என்று ஒரு வரி பதில் வேறு! அங்கே ரீசைக்கிள் பின் எல்லாம் கிடையாது. மைனஸ் ஆர் சேர்க்காததால் உள் ஃபோல்டர்கள் தப்பின. கான்ஃபிக், ஸ்கிரிப்ட் எல்லாம் காலி. முதலில் எல்எஸ் போட்டு என்னென்ன சிக்குகிறது என்று பாருங்கள் என்று ஜூனியர்களுக்குப் பாடம் எடுத்ததே நான்தான்.

டீம் லீடருக்குப் போன் போட்டேன். "சார், ஆர்எம் அடிச்சுட்டேன் சார், எல்லாம் போச்சு."

பணியாரத் தட்டோடு வந்த அப்பத்தா அப்படியே நின்றுவிட்டாள். எங்கள் பக்கம் பேரைவிட விலாசம்தான், அதாவது குடும்பத்து இனிஷியல்தான் முக்கியம், அதுவும் ரெண்டு மூன்று எழுத்தில்.

"எந்த ஆர்எம்? ஊருணிக்கரை ஆர்எம் வீட்டுப் பிள்ளையையா அடிச்சே?"

முந்தின ராத்திரி எடுத்த பேக்கப் இருந்தது. முக்கால் மணி நேரத்தில் ஃபைல்கள் திரும்பின, எனக்கு உயிரும். அப்பத்தாவுக்கு மட்டும் சமாதானம் ஆகவில்லை. "கம்ப்யூட்டரோ கத்தரிக்காயோ, அடிச்சது அடிச்சதுதானே" என்று சாயங்காலம் தூக்குச்சட்டி நிறைய வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் கொடுத்து, ஊருணிக்கரைக்கு என்னையே அனுப்பினாள்.

அந்த வீட்டு ஆச்சி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார்:

"என்னப்பா, பொண்ணு அமைஞ்சிருச்சா?"