தொழில்: விவசாயக் கூலி

ஜூன் 8, 2025, ஞாயிறு. சைதாப்பேட்டை

அம்மா காலையில் ஊரிலிருந்து வந்தாள். அச்சிறுபாக்கத்தில் பஸ் ஏறி, கிளாம்பாக்கத்தில் இறங்கி, அங்கிருந்து மாநகரப் பேருந்து பிடித்து வீடு வந்து சேர மணி பதினொன்று. கையில் மஞ்சப்பை. அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு, மடித்து மடித்து நடுவில் கிழிந்த சாதிச் சான்றிதழ், நூறு நாள் வேலை அட்டை. ஐம்பத்து நான்கு வருட வாழ்க்கைக்கு அவ்வளவுதான் காகிதம்.

நன்னிலம் மகளிர் நில உடைமைத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம். ஆதிதிராவிடர் மேம்பாட்டுக்கான அரசு நிறுவனமான தாட்கோ நடத்தும் திட்டம். நிலமில்லாத ஆதிதிராவிடர், பழங்குடியினப் பெண்கள், விவசாயக் கூலிகளாக இருப்பவர்கள் நிலம் வாங்க விலையில் பாதி மானியம், அதிகபட்சம் 5 லட்சம். நன்செய் என்றால் 2.5 ஏக்கர் வரை, புன்செய் என்றால் 5 ஏக்கர் வரை. முத்திரைத்தாள் கட்டணமும் பதிவுக் கட்டணமும் கிடையாது. வயது 55-க்குள் இருக்க வேண்டும்.

அம்மா எந்த வருடம் பிறந்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆதார் எடுக்க வந்தவர் 1.1.1971 என்று போட்டுவிட்டுப் போனார். அந்தத் தேதிப்படி எங்களுக்கு நாள் அதிகம் இல்லை.

"எனக்கெதுக்கு பாப்பா நெலம்? இன்னும் எத்தினி நாளு நடப்போறேன்?" என்றாள். பதில் சொல்லவில்லை. அவள் பத்து வயதில் சேற்றில் இறங்கியவள். அவள் நட்ட நெல்லைத்தான் நாங்கள் மூன்று பேரும் ரேஷனில் வாங்கித் தின்று வளர்ந்தோம்.

ஜூன் 11

அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு. வருமானச் சான்றுக்காக இ-சேவை மையம் போனோம். விண்ணப்பத்தில் தொழில் என்று ஒரு கட்டம். உள்ளே இருந்த பெண் ரேஷன் கார்டைப் பார்த்துவிட்டு, கேட்காமலே 'இல்லத்தரசி' என்று அடித்தாள்.

"வீட்ல இருக்கற ஆளு இல்லம்மா நானு, கழனில இருக்கற ஆளு" என்றாள் அம்மா.

அதற்கு ஆதாரம் கேட்டார்கள். அங்கேதான் சிக்கல். நடவுக்குப் போகிற பெண்களுக்கு வருகைப் பதிவேடு ஏது? சாயங்காலம் கூலியைக் கையில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வருவார்கள், அவ்வளவுதான். கடைசியில் நூறு நாள் வேலை அட்டையைக் காட்டி, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, 'விவசாயக் கூலி' என்று மாற்ற வைத்தோம். அந்தப் பெண் மீது எனக்குக் கோபம் இல்லை. நாடு முழுக்க இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில், சாகுபடி நிலம் வைத்திருப்பவர்களில் பெண்கள் சுமார் 14 சதவீதம். கழனியில் குனிந்து நிற்கிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை எவ்வளவு அநியாயம் என்று தெரியும்.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிரதமரின் கிசான் திட்டமும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான். கூலிக்கு நடுகிறவளுக்கு இல்லை. சொந்த நிலம் வந்தால்தான் சிறு குறு விவசாயி சான்று. அந்தச் சான்று இருந்தால்தான் சொட்டுநீருக்கு நூறு சதவீத மானியம். எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி, அது பட்டா.

ஜூன் 15, ஞாயிறு

கோட்டூர்புரம் நூலகத்தில் பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பஞ்சமி நிலத்தைப் பற்றிப் படிக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய கதை அது. 1891-ல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலம் இல்லாததுதான் அவர்களை அடிமைபோல் வைத்திருக்கிறது என்பது அதன் சாரம். அதன் பேரில் 1892-ல் அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கத் தொடங்கியது. அதுதான் பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்வார்கள். பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குத்தான் விற்க வேண்டும் என்று நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறிப் போனது. அதைத் திரும்பக் கேட்டு காரணை கிராமத்தில் நடந்த போராட்டத்தின்போது, 1994 அக்டோபரில், செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்துப்போனார்கள். அப்போது எனக்கு நான்கு வயது.

எங்கள் ஊரிலும் 'பஞ்சமி மேடு' என்று ஓர் இடம் உண்டு. இன்று அங்கே யாரோ சவுக்கு போட்டிருக்கிறார்கள். யாரிடம் இருந்து எப்போது போனது என்று அம்மாவிடம் கேட்டேன். "எங்க தாத்தா காலத்துல ரெண்டு மூட்டை நெல்லுக்குப் போச்சுன்னு சொல்லுவாங்க" என்றாள்.

ஜூன் 29

தரகர் அண்ணனிடம் மூன்று இடம் கேட்டிருந்தோம். ஜி.எஸ்.டி. சாலைக்குப் பக்கத்தில் எதையும் தொட முடியாது, எல்லாம் மனை விலை. உள்ளே தள்ளி ஒரு ஏக்கர் ஒன்பதரை லட்சத்துக்குப் படிந்தது. முன்பணத் தேதிகூடப் பேசியாகிவிட்டது.

இன்று போன் வந்தது. "வேற பார்ட்டி கேட்டிருக்காங்களாம் பாப்பா, அவங்க குடுக்கல."

வேறு பார்ட்டி யாரும் இல்லை. வாங்குகிறவர் காலனியில் இருக்கிறவர் என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள். இந்தத் திட்டத்தில் நிலத்தை விற்பவர் ஆதிதிராவிடரோ பழங்குடியினரோ அல்லாத வேறு வகுப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். விதி நியாயமானதுதான், எங்களுக்குள்ளேயே கைமாறினால் எங்கள் கையில் நிலம் கூடப்போவதில்லையே. ஆனால் விற்க மனசு வர வேண்டுமே, அதற்கு எந்த அலுவலகத்தில் சான்று வாங்குவது? ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை. அம்மா நன்றாகத் தூங்கினாள். அவளுக்கு இது புதிதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

குரோம்பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அப்பா காலத்து நிலம், 80 சென்ட் நன்செய், பிள்ளைகள் வெளிநாட்டில். தரகர் முதலிலேயே எங்களைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டாராம். ஆசிரியர் கதவைத் திறந்ததும் அம்மாவைத்தான் முதலில் நாற்காலியில் உட்காரச் சொன்னார். ஒன்பது லட்சத்து இருபதாயிரம். பாதி மானியமாக வந்தால் நாலு லட்சத்து அறுபதாயிரம், மீதி கடன். நான் மாதாமாதம் கட்டிவிடுவேன்.

அங்கிருந்து நேராக நிலத்தைப் பார்க்கப் போனோம். இதை விரிவாக எழுதி வைக்க வேண்டும்.

நான் கையில் புலப்பட வரைபடத்தையும் சிட்டா நகலையும் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினாள். முதலில் மண்ணைப் பார்க்கவில்லை, என்ன களை முளைத்திருக்கிறது என்று பார்த்தாள். ஒரு மூலையில் கோரை அடர்ந்திருந்தது. பிடுங்கி வேரைப் பார்த்தாள். பிறகு ஒரு பிடி மண்ணை எடுத்து நசுக்கி, "களர் இல்ல" என்றாள். அடுத்து ஏரிப் பக்கம் நடந்தாள். எந்த மடையில் பாய்கிறது, இந்தக் கழனி கால்வாயில் எத்தனையாவது என்று அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் விசாரித்தாள். நடுமடை, ஐந்தாவது கழனி. கடைமடையாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாளாம், முன்னால் உள்ளவர்கள் அடைத்துவிட்டால் பயிர் காயும். மேல்கழனிக்காரர் வரப்பை நம் பக்கம் ஓரடி வெட்டி இழுத்திருப்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். வரைபடத்தோடு ஒப்பிட்டேன், அவள் சொன்னது சரி.

திரும்பும்போது தரகர், "அம்மாவுக்கு எல்லாம் தெரியுதே" என்றார். நாற்பது வருடம் அடுத்தவர் கழனியில் கற்றது, வேறென்ன.

ஜூலை 16

வில்லங்கச் சான்று வந்தது, முப்பது வருடத்துக்கு எதுவும் இல்லை. ஆனால் பட்டா கூட்டுப்பட்டா, ஆசிரியரின் தங்கை பெயரும் இருக்கிறது. அவர் பெரம்பூரில் இருக்கிறார். நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் எதையும் பேசி முடிக்க வேண்டாம் என்று அந்தம்மா சொல்லிவிட்டாராம். சரி, காத்திருப்போம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. போனில் அம்மா. ஊரில் ஆடிப்பட்டம் விதைக்கிறார்கள், இவளும் கூலிக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். குரலில் களைப்பு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் நாள். பெரம்பூர் போனேன். அந்தம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். படித்துப் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் கேக்காமலே என் பேரைப் பட்டாவுல சேர்த்தாரு, அதனாலதான் இன்னிக்கு நான் கையெழுத்துப் போடறேன்" என்றார். விற்பனைச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் அம்மா பெயரில் மட்டும்தானே பதிவாகும், தம்பிங்க பேரில் இல்லையே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். காபி கொடுத்து அனுப்பினார்.

ஆகஸ்ட் 18

இரவு ஒன்பது மணிக்கு விண்ணப்பத்தை அனுப்பி முடித்தேன். அம்மாவின் போட்டோ இரண்டு முறை ஏறவில்லை, மூன்றாவது முறை ஏறியது. விண்ணப்ப எண்ணை டைரியின் உள்ளட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். இனி அலுவலர்கள் நிலத்தை நேரில் வந்து பார்க்க வேண்டும், விலையைச் சரிபார்க்க வேண்டும், வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும்.

உடனே அம்மாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த மூலைக் கோரையை இப்பவே கெழங்கோட தோண்டி எடுக்கணும் பாப்பா, மழை பிடிச்சா பரவிடும். வாத்தியார் ஒண்ணும் சொல்லமாட்டாரான்னு கேட்டுச் சொல்லு" என்றாள்.

நாளைக் காலையில் அவருக்குப் போன் செய்ய வேண்டும்.