அப்பாவோட ரேஸர்

மூணு பிளேடு ரேஸரில் வருஷக்கணக்கா கழுத்தெல்லாம் சிவந்து கொப்புளமாக் கிடந்தது. ஆறு மாசத்துக்கு முன்னாடி அப்பாவோட பழைய ரேஸரை எடுத்தேன். ரெண்டு பக்கமும் கூரான ஒரே பிளேடு. 1904-இல் ஜில்லெட் காப்புரிமை வாங்கின அதே அமைப்புதான்.

குளிச்ச கையோட ஷேவ் பண்ணணும், தாடி வெந்நீரில் ஊறி மெத்துனு இருக்கும். பிரஷ்ஷால் சோப்பைக் குழைச்சு, நுரை கெட்டியாகுற வரைக்கும் முகத்தில் சுத்திச் சுத்தித் தேய்க்கணும். இதில் அவசரமே கூடாது. ரேஸரை 30 டிகிரி சாய்ச்சு, முடி வளர்ற போக்கிலேயே இழுக்கணும். அழுத்தவே வேண்டாம், அதோட கனமே போதும். கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாயுதுன்னு முதல்ல விரலால் தடவிப் பாருங்க. எனக்கு இடது பக்கம் குறுக்கா வளருது. அது தெரியாமத்தான் இத்தனை வருஷ எரிச்சல்.

கடைசியா பச்சைத் தண்ணி, அந்த ஈரத்தோட படிகாரம். அந்தக் கட்டியும் அப்பா வெச்சிருந்ததுதான்.