கருவாட்டுப் பக்கற்றும் கம்பஸ் பிள்ளைகளும்

திருகோணமலை, கோணேசபுரி கம்பஸ் பிள்ளைகளிடம் "படிச்சு முடிச்சிட்டு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக "கவர்மென்ட் வேலை" என்றுதான் பதில் வரும். குறை சொல்லவில்லை, பென்சன் வேலைக்கு நம்மூரில் இருக்கிற மரியாதை தெரியாதா என்ன!

ஆனால் கம்பஸ் இருக்கிற அதே நிலாவெளி ரோட்டில் மே தொடக்கம் செப்டெம்பர் வரை புறாத்தீவு பார்க்க எத்தனை சனம் வருகுது? அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோக நம்மூர்ப் பொருள் என்ன இருக்கு?

போன கிழமை ஒரு மாணவி கருவாட்டுப் பக்கற் ஒன்றைக் காட்டினா. காற்றை உறிஞ்சி ஒட்டியது. மூக்கருகில் பிடித்தும் மணமில்லை. பின்பக்கத்தில் காயவைத்த திகதி, எப்படிப் பொரிப்பது என்பதெல்லாம் மூன்று மொழியிலும். "அன்ரி, பஸ்ஸில கொண்டு போனாலும் பக்கத்து சீற்காரர் மூஞ்சை சுளிக்க மாட்டார்" என்றா. ரோபோ செய்தால்தான் புதுமை என்று யார் சொன்னது?

விரிவுரையாளர்களே, வியாபாரத் திட்டத்தைக் கடதாசியில் எழுதவைத்துப் புள்ளி போட்டது காணும். உப்புவெளிக் கடற்கரையில் ஒரு மேசை போட்டு விற்கவிடுங்கள்.

பிள்ளைகளே, தனிநபர் வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்திலேயே பதியலாம். புதுக் கருவி ஏதும் செய்தால், கண்காட்சியில் வைக்க முதல் காப்புரிமைக்கு விண்ணப்பியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது 20 வருடம் வரை செல்லும்.

அப்புறம், அந்தப் பிள்ளை இரவல் மெஷினில்தான் பக்கற் ஒட்டுறா. பாவிக்காமல் ஒன்று யாரிடமும் கிடந்தால் இன்பொக்ஸுக்கு வாங்கோ.